முப்பத்தொன்று என்று சொன்ன பெண்

சரியான விடையைச் சொன்னதற்காக ஒரு பெண்ணை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அந்த வகுப்பின் கணக்கு ஆசிரியை நான். கையில் சாக்பீஸோடு பார்த்துக்கொண்டு நின்றேன். சில வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது எழுத உட்காரும்போதும் காது சூடாகிறது.

திருப்பதியில் விடுதியோடு சேர்ந்த ஒரு தனியார் ஜூனியர் காலேஜ் அது. இண்டர் இரண்டாம் ஆண்டு, அதாவது நம்மூர்ப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்குக் கணக்கு எடுத்தேன். கணக்கு எடுத்தேன் என்பதைவிட ஷார்ட்கட் விநியோகித்தேன் என்பதே உண்மை. இந்த மாதிரிக் கேள்வி வந்தால் இந்தச் சூத்திரம், விடையைக் குறி, அடுத்ததற்குப் போ. ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் பரீட்சைல கேக்கமாட்டாங்க." ஞாயிற்றுக்கிழமை தேர்வு, திங்கட்கிழமை ரேங்க் பட்டியல், அதை வைத்து செக்‌ஷன் மாற்றம். முதல் செக்‌ஷனில் இருப்பவள் நான்காவதுக்குப் போனால் சாப்பாட்டு வரிசையில்கூட அவளோடு யாரும் பேசமாட்டார்கள்.

சனிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகள் வாடிய கீரை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு பீரியடை மட்டும் நான் எனக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, நான்கு மூலைகளிலும் சதுரம் வெட்டி மடித்துப் பெட்டி செய்யச் சொன்னேன். யார் பெட்டி அதிகப் பொரி பிடிக்கும் என்று போட்டி. பெரிதாக வெட்டினாலும் குறைகிறது, சிறிதாக வெட்டினாலும் குறைகிறது என்று அவர்களே கண்டுபிடித்து, நடுவில் எங்கே நிற்பது என்று அடித்துக்கொண்டார்கள். மாதக்கணக்காக மனப்பாடம் செய்திருந்த வகையீடு எதற்கு என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது. நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே படித்து வந்தவள் நான். எனக்கு யாரும் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுத்த வாரம் வட்டம். டிபன் டப்பா மூடியை வைத்து ஒரு வட்டம் போடுங்கள், அதன் விளிம்பில் புள்ளிகள் வையுங்கள், ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோடு போட்டுச் சேருங்கள், வட்டம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணுங்கள் என்றேன். ஒரு புள்ளிக்கு முழு வட்டம் ஒன்றுதான். இரண்டு புள்ளிக்கு இரண்டு துண்டு. மூன்றுக்கு நான்கு. நான்குக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. ஆறு புள்ளி என்று நான் வாயெடுப்பதற்குள் வகுப்பே "முப்பத்தி ரெண்டு!" என்று கத்தியது.

"போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

ஐந்து நிமிடம் பென்சில் சத்தம் மட்டும். பிறகு இரண்டாவது பெஞ்சிலிருந்து, சித்தூரை ஒட்டிய குடிபாலாப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். அதிகம் பேசாதவள். "மேடம், முப்பத்தொண்ணுதான் வருது. மூணு தபா எண்ணிட்டேன்."

"ஒண்ணு உட்டிருப்படி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். முன்வரிசைக்காரி ஒருத்தி, காம்பஸ் வைத்துப் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தவள், "எனக்கு முப்பதுதான் வருது" என்றாள். அவ்வளவுதான், வகுப்பு ரெண்டுபட்டது. ஒருவர் தாளை ஒருவர் பிடுங்கி, துண்டுகளுக்குக் கலர் அடித்து எண்ணினார்கள். காம்பஸ்காரியின் படத்தில் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் சந்தித்ததால் ஒரு குட்டித் துண்டு காணாமல் போயிருந்தது என்பதைக் குடிபாலாப் பெண்தான் காட்டினாள். ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தியதும் அந்த முக்கோணம் எட்டிப் பார்த்தது. அறையே கைதட்டியது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் காலேஜை நடத்தும் டீன் உள்ளே வந்தார்.

"ஏன்ட்டி மேடம் இதி?" என்று தெலுங்கில் என்ன கூத்து இது என்பதுபோல் கேட்டார். பலகையில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். சிரித்தார். "இதற்கா இவ்வளவு சத்தம்? அடுத்தது முப்பத்தி ரெண்டு. முடிந்தது."

"இல்ல சார், முப்பத்தொண்ணு" என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள். தாளையும் நீட்டினாள்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. எதிர்த்துப் பேசுகிறாயா என்று கேட்டார். வெளியே போய் நிற்கச் சொன்னார். நான், "சார், அவள் சொல்வது சரி" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். "சிலபஸில் இருக்கிறதா மேடம்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அவள் வெளியே போனாள். நான் தடுக்கவில்லை. அவர்மேல் உள்ள கோபத்தில் பாதி இன்னும் என்மேலேயே இருக்கிறது.

மணி அடித்து வெளியே வந்தபோது அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஏன்னு தெரிஞ்சிடுச்சி. ஒரு கோடு போட்டா ஒரு துண்டு ஜாஸ்தி ஆவுது. அது வேற கோட்ட வெட்டற எடத்துல எல்லாம் இன்னொண்ணு ஜாஸ்தி. அப்போ கோட்டையும் வெட்டையும் எண்ணினா போதும்."

"வெட்டுங்கள எப்படி எண்ணுவ? எல்லாம் கலந்துகினு கெடக்குதே."

"நாலு புள்ளி எடுத்தா ஒரே ஒரு வெட்டுதான் மேடம். ஆறுல நாலு எடுக்க பதினஞ்சு வழி. கோடும் பதினஞ்சு. மொதல்ல இருந்த முழு வட்டம் ஒண்ணு. முப்பத்தொண்ணு."

ஆறில் நான்கை எடுக்க எத்தனை வழி என்று எண்ணும் சேர்மானங்கள் பாடத்தை நான் நடத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதில் இருநூறு கணக்கு போட வைத்திருந்தேன். அந்தப் பாடத்தை எங்கே வைத்துப் பயன்படுத்துவது என்று தானாகக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான், தண்டனையாக நிற்க வைத்த இடத்தில்.

அடுத்த சனிக்கிழமை என் பீரியடை எடுத்துக்கொண்டு பயிற்சித் தாள் கொடுத்தார்கள். அவளை நான்காம் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். மதிப்பெண் குறையாதபோதும், காரணம் ஒழுங்கீனம் என்று எழுதினார்கள். அவள் அப்பாவை வரவழைத்தார்கள். வேலைக்குப் போகாமல் காலை பஸ் பிடித்து வந்திருந்த அவர், டீன் அறையில் நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். உங்கள் பெண் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாள் என்று டீன் சொல்லி முடித்ததும், அங்கே கூப்பிடப்பட்டு நின்ற என்னைப் பார்த்து அப்பா கேட்டார்.

"எம் பொண்ணு சொன்னது தப்பா மேடம்?"

இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "தப்பில்ல. அவ சொன்னதுதான் சரி. நாங்கதான் தப்பு."

"அப்போ இன்னாத்துக்கு வெளிய நிக்க வெச்சீங்கோ?"

டீன் மேசைமேலிருந்த ரேங்க் பட்டியலைப் புரட்டினார். அவள் அப்பா வாசலில் நின்றிருந்த மகளிடம், "பெட்டிய எடுத்துகினு வாம்மா" என்றார். அந்த வாரமே அவள் டி.சி. வாங்கிக்கொண்டு சித்தூரில் அரசு ஜூனியர் காலேஜில் சேர்ந்தாள்.

இத்தோடு விட்டிருந்தால்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பேன். அட்மிஷன் நேரம் வந்தது. செய்து பார்த்துக் கற்கும் கணக்கு என்று விளம்பரம் செய்ய வேண்டுமாம். நான் எடுத்து வைத்திருந்த அந்த வட்டப் படங்களைக் கொண்டுவரச் சொல்லி டீனே ஆள் அனுப்பினார். போட்டோக்காரர் வந்தார். குடிபாலாப் பெண் கலர் அடித்த தாளையே தேர்ந்தெடுத்தார்கள், பளிச்சென்று இருக்கிறதாம். அதை வேறு ஒரு பெண்ணின் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் காலேஜ் வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ். படத்துக்குக் கீழே அழகுக்காகப் பெரிய எழுத்தில் 1, 2, 4, 8, 16, 32.

நேராக டீன் அறைக்குப் போனேன். "சார், அந்தப் படத்திலேயே முப்பத்தொன்றுதான் இருக்கிறது. கீழே முப்பத்தி இரண்டு என்று போட்டிருக்கிறீர்கள்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யார் மேடம் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?"

எண்ணிப் பார்ப்பதற்குத்தானே கணக்கு? அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே நம்மை வைத்திருக்கிறார்கள்? இதைக் கேட்டேன். கொஞ்சம் கத்தியே கேட்டேன். தேர்வுகள் முடியும்வரை இருந்துவிட்டு வேலையை விட்டேன். பிள்ளைகளை நடுவில் விட்டுப் போக மனம் வரவில்லை.

இப்போது சித்தூரில் ஒரு சின்ன காலேஜில் இருக்கிறேன். பெயர் சொல்லும்படியான இடம் இல்லை. புதன்கிழமை மதியம் ஒரு பீரியட் புதிர்களுக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அவள் இண்டர் முடித்து, கணக்கே எடுத்து டிகிரி படிக்கிறாள். தனக்குப் புரியாததைக் கேட்க எப்போதாவது போன் செய்வாள். நான் நல்லவிதமாகப் பேசுவேன். மன்னிப்புக் கேட்க வாய் வரும், கேட்டதில்லை.

போன மாதம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் டீனைப் பார்த்தேன். அவரே வந்து பேசினார். இப்போது எல்லாரும் ஆக்டிவிட்டி, ஆக்டிவிட்டி என்கிறார்கள், உங்களைப்போல் ஆள் கிடைக்கவில்லை, திரும்பி வாருங்கள் என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டு, நீங்க பண்ணது தப்புன்னு சொல்லுங்க சார். அப்புறம் பேசலாம்."

"எந்தப் பெண்?" என்றார்.

நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. சித்தூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஊர் வந்து சேரும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை என்னால் தளர்த்த முடியவில்லை.