கிடா மார்க்கின் பச்சையும் மஞ்சளும்

சிவகாசியில் எனக்குக் கலர் மேசை கிடைத்தது ஒரு செம்மறிக் கிடாயால். அந்தக் கிடா ஒரு வெளிநாட்டு ரேஸ் காரின் மூக்கில் இருந்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லித்தோ அச்சகத்தில் என் வேலை கல் தேய்ப்பது. அப்போதெல்லாம் தீப்பெட்டி லேபிளும் வெடிப்பெட்டி லேபிளும் கல்லில்தான் அச்சாகும். ஒரு ஆர்டர் முடிந்ததும் கல்லின்மேல் மணலும் தண்ணீரும் போட்டு, பழைய படம் போகிறவரை இன்னொரு கல்லால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை தொட்டிக்குள்தான் கை. விரல் நுனி வெளுத்துச் சுருங்கி, குழம்புச் சோறு பிசைந்தால் எரியும். ஆறு வருஷம் தேய்த்தேன். பக்கத்தில் கலர் மேசை. அங்கே மை குழைக்கிறவருக்கு உட்கார ஒரு ஸ்டூல் உண்டு, கை காய்ந்திருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசன். நட்ட நடுவில் அந்த மைக்காரர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். போர்மேன் சுற்றிலும் பார்த்துவிட்டு, வேறு ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இந்த ஒரு ஆர்டருக்கு நீ மை குழைச்சுப் பாரு. சரியா வந்தா மேசை ஒனக்கு. வரலைன்னா தொட்டி எங்கயும் ஓடிப்போகாது."

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் தொட்டியைத்தான் திரும்பிப் பார்த்தேன். நான் அப்படிப்பட்டவன். பஸ் சரியான நேரத்துக்கு வந்தால்கூட, இது முந்தின பஸ்ஸாக இருக்கும், நம்ம பஸ் எங்கேயோ கவிழ்ந்து கிடக்கும் என்று நினைப்பேன்.

ஆர்டரைக் கொண்டுவந்தவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துச் சம்சாரி. கரிசல் காடு நிறைய வைத்திருந்தவர். மழை பொய்த்துப் பொய்த்துப் பருத்தி ஏமாற்றியதில், காட்டின் ஒரு மூலையில் நாலு ஷெட் போட்டு, பட்டாசு செய்கிற வெடி ஆபீஸ் ஆரம்பித்திருந்தார். அது முதல் வருஷம். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் நீவி வைத்தார்.

ஒரு ரேஸ் கார். பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு பந்தயத்தில் ஜெயித்தவன். பின்னால் கூட்டம், கூட்டத்தில் யாரோ பிடித்த ஒரு கொடி. காரின் மூக்கில் கேடயம் மாதிரி ஒரு பேட்ஜ். அதன் மேல்பாதி கறுத்திருந்தது, கீழ்ப்பாதி வெளுத்திருந்தது, நடுவில் ஒரு கிடா முன்னங்கால் தூக்கிப் பாய்ந்தது. எல்லாமே கறுப்பு வெள்ளை.

"இதே காரு, இதே பேட்ஜி. பேட்ஜை மட்டும் நல்லாப் பெருசாப் போடுங்க. கலரு அசல்ல எப்படியோ அப்படியே இருக்கணும்."

"அசல்ல எப்படி அண்ணாச்சி?" என்றார் போர்மேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் ஒங்ககிட்ட வாரேன்?"

விஷயம் இதுதான். விருதுநகரில் மொத்த வியாபாரம் பண்ணும் ராவுத்தர் ஒருவர் கொழும்பில் இந்தக் காரை நேரில் பார்த்திருக்கிறார். பத்திரிகைத் துண்டைக் கொடுத்து, இதை லேபிளாகப் போட்டால் இந்த வருஷச் சரக்கு முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மறுபடி கொழும்புக்குப் போய்விட்டார். கலரைக் கேட்டுக்கொள்ள இவருக்கு அப்போது தோன்றவில்லை. ராவுத்தர் திரும்பிவர இரண்டு வாரம். வந்ததும் லேபிளைப் பார்க்க நேரே அச்சகத்துக்கே வருவார்.

"தப்பாப் போட்டோம்னு வச்சுக்கோங்க, 'லேபிள்ல கலரு தெரியாத ஆளு மருந்து மட்டும் சரியாவா கலந்திருப்பீரு'ன்னு கேப்பாரு. அந்த மனுசன் வாய் அம்புட்டு."

போர்மேன் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் காமிரா அறையின் சட்டம். கலர்ப் படத்தை எங்கள் காமிராவில் பிடித்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றுமே கறுப்பாக விழும். நீலம் வெள்ளையாக விழும். இது அச்சகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"கீழ்ப்பாதி வெள்ளையா விழுந்திருக்கா? அப்ப நீலம். மேல்பாதி சிவப்பு. நெருப்பும் ஆகாசமும். வெடிக்குப் பொருத்தமாத்தான் போட்டிருக்கான்."

"அவன் காருக்குல்ல போட்டிருக்கான், வெடிக்கா போட்டான்?" என்றார் சம்சாரி. பிறகு யோசித்துவிட்டு, "அண்ணாச்சி, கிடா கறுப்பு. அதுக்குப் பக்கத்துல சிவப்பு வந்தா கட்சிக் கொடின்னுருவானுக. விருதுநகர் பஜார்ல பாதிக் கடைக்காரன் தொடமாட்டான்."

"மீதிப் பாதி ஆளுக்கு ரெண்டு கட்டு சேத்து வாங்குவான். விடுங்க."

அதற்குள் ஆளுக்கு ஒரு கதை கிளம்பிவிட்டது. லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர், அது ராத்திரி பகல் ரெண்டும் நிக்காமல் ஓடுற கார், அதுக்குத்தான் பாதி இருட்டு பாதி வெளிச்சம் என்றார். அப்போ கிடா எதுக்கு என்று கேட்டதற்கு, "அந்தக் கம்பெனி மொதலாளி ஆடு மேய்ச்சு முன்னுக்கு வந்தவருய்யா" என்று பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோலச் சொன்னார். சம்சாரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் வீட்டிலும் ஆடு உண்டு.

நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். சிவப்பும் நீலமும் குழைத்தும் வைத்தேன். ஆனால் துண்டைப் பார்க்கப் பார்க்க மனசு ஒப்பவில்லை. எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. போர்மேன் சொன்னது தப்பாக இருந்தாலும் தொட்டிக்குப் போகப்போவது நான்தான் என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போதும் துண்டு என் மடியில் இருந்தது. என் மனைவி பார்த்தாள்.

"சோத்துல என்ன கோலம் போடுறீக? நாலு நாளாச்சு இப்படி. அந்தக் கிடாயக் குடுங்க, நானாவது குழம்பு வைக்கிறேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் துண்டை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள்.

"ஜவுளிக் கடையில விளக்கு வெளிச்சத்துல சேலைக் கலர் பிடிபடாது. நான் என்ன செய்வேன்? கையில கிடக்க வளையலப் பக்கத்துல வச்சுப் பாப்பேன். வளையல் பச்சைன்னு எனக்குத் தெரியும்ல. இதுல ஒங்களுக்குக் கலர் தெரிஞ்ச சாமான் ஏதாச்சும் கிடக்கா, பாருங்க."

கொடி!

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் படிப்பகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெரிய அட்லஸில் கடைசிப் பக்கம் முழுக்க நாட்டுக் கொடிகள் கலரில் இருக்கும். படிப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர் துண்டின் கீழே இருந்த இங்கிலீஷை வாசித்து, பந்தயம் நடந்தது இத்தாலி என்றார். இத்தாலிக் கொடி: கம்பு ஓரம் பச்சை, நடுவில் வெள்ளை, கடைசியில் சிவப்பு.

துண்டில் இருந்த கொடியைப் பார்த்தேன். சிவப்பு நல்ல கறுப்பாக விழுந்திருந்தது. பச்சை அப்படி விழவில்லை. சாம்பல் நிறத்தில் இருந்தது. எங்கள் காமிராவாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோலக் கறுத்திருக்கும். அப்படியானால் இது வேறு ஜாதிக் காமிரா. எங்கள் சட்டம் எங்கள் அறைக்கு மட்டும்தான் சட்டம். ஊரில் அத்தனை அச்சகத்திலும் இருந்த யாரும் யோசிக்காதது இது.

ஒரு அட்டையில் ஊசியால் இரண்டு துளை போட்டேன். ஒரு துளை கொடியின் பச்சை மேல், இன்னொன்று பேட்ஜின் மேல்பாதி மேல். சுற்றியிருப்பது மறைந்து இரண்டு புள்ளி மட்டும் தெரிந்தது. வெளுத்த கீழ்ப்பாதிக்குப் பக்கத்தில் கறுப்பாகத் தெரிந்த மேல்பாதியும் உண்மையில் அதே சாம்பல்தான். மேல்பாதி பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. கீழ்ப்பாதி கொடியின் வெள்ளையைவிட ஒரு பொட்டு மங்கல். மஞ்சளாக இருக்கலாம். வெளிர்நீலமாகவும் இருக்கலாம், ரோஸாகவும் இருக்கலாம். அட்லஸில் அதற்குப் பதில் இல்லை. மஞ்சள் என்று முடிவுபண்ணினேன். கல்லில் பச்சை எடுப்பதற்கு அடியில் மஞ்சள் ஓட்டித்தான் மேலே நீலம் ஓட்டுவோம். அடியில் ஏற்கெனவே இருக்கிற நிறம் கீழ்ப்பாதியிலும் அப்படியே தெரியட்டுமே என்று தோன்றியது. இதை ஒரு காரணம் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை போர்மேனிடம் அட்டையை நீட்டினேன். கொடியையும் பேட்ஜையும் காட்டி, மேலே பச்சை, கீழே மஞ்சள் என்றேன். அவர் துளை வழியாகப் பார்த்தார், கண்ணை மாற்றிப் பார்த்தார்.

"இருவது வருசமாக் காமிரா பாக்கிறவன் நானு. அஞ்சாங்கிளாஸ் அட்டையில ஓட்டை போட்டுக்கிட்டு வந்து எனக்குப் பாடம் சொல்லுதா?"

"பாடம் இல்ல அண்ணாச்சி. மனசுல பட்டுச்சு."

"சரிலே. ஒன் கலர்லயே போடுவோம். ராவுத்தர் சிரிச்சாருன்னா பேசாமத் தொட்டிக்குப் போயிரணும். அடுத்த சீசனுக்கும் மேசைப் பக்கம் பாக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று என் வாய்தான் சொன்னது. நான் சொல்லவில்லை.

சம்சாரி சாயங்காலம் வந்தார். பச்சை, மஞ்சள் என்றதும் முகம் சுருங்கியது. "இதுக்கு என்ன அர்த்தம்? நெருப்பு, ஆகாசம்னா எடுத்துச் சொல்ல நல்லா இருந்துச்சு."

போர்மேன் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "மொதலாளி, நமக்கு மஞ்சளும் வேப்பிலையும் எப்படியோ அப்படி. அந்தக் கார்க்காரரு சின்னப் பிள்ளையில காய்ச்சல்ல கிடந்தப்ப, அவுக அம்மா அங்கன மாதாவுக்கு நேந்துக்கிட்டாகளாம். கிடாயும் அந்த நேர்ச்சைதான்."

சம்சாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பங்குனிப் பொங்கலுக்கு எங்க வீட்டுலயும் மஞ்சத் தண்ணி, வேப்பிலைதான். போடுங்கய்யா. இதவிட என்ன கலரு வேணும்?"

அன்றிலிருந்து எனக்கு இரண்டு கவலை. கலர் தப்பாகிவிடுமோ என்பது ஒன்று. சொன்ன பொய் மாட்டிக்கொள்ளுமோ என்பது இன்னொன்று. மஞ்சள் கல் ஓடியது. அதன் மேல் நீலம் ஓடியதும் பேட்ஜின் மேல்பாதியில் பச்சை எழும்பி வந்தது, மழைக்குப் பிறகு கம்பங்காடு வருமே, அந்தப் பச்சை. துண்டில் கொடியின் சிவப்பைப் போலவே கறுத்திருந்த காருக்குச் சிவப்பு. கடைசியாகக் கறுப்பு ஓடியதும் கிடா துள்ளிக்கொண்டு நின்றது. எங்கள் ஊர்க் காற்றுக்கு மை சீக்கிரம் காயும். நான்தான் காயவில்லை. உள்ளங்கை ஈரமாகவே இருந்தது.

ராவுத்தர் ஒரு புதன்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டை, பச்சைக் கரை துண்டு, அத்தர் வாசம். சம்சாரி இரண்டு கையாலும் லேபிளை நீட்டினார். ராவுத்தர் அதை வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

போர்மேன் திரும்பி என்னைப் பார்த்தார். என் கால் தானாகத் தொட்டிப் பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டது.

ராவுத்தர் சிரித்துக்கொண்டே பைக்குள் கைவிட்டு, வழவழப்பான கலர் நோட்டீஸ் ஒன்றை எடுத்தார். கொழும்பில் அந்தக் கார் விற்கிற கடையில் வாங்கியது. லேபிளுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

மேலே பச்சை. கீழே மஞ்சள். நடுவில் கறுப்புக் கிடா.

"நான் கலரைச் சொல்லாமப் போயிட்டனேன்னு கப்பல்ல வச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. சரி, கண்ராவியா ஏதாச்சும் போட்டு வச்சிருப்பீக, திருத்திக்கலாம்னு இத வாங்கிட்டு வந்தேன். யாருய்யா இது? கொழும்புக்குப் போயிட்டு வந்த ஆளா?"

சம்சாரி என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவருதான். அர்த்தமும் தெரியும் பாய் இவருக்கு!" என்று என் நேர்ச்சைக் கதையை, நான் சொல்லாத இரண்டு சங்கதியும் சேர்த்துச் சொன்னார். அந்தத் தாய் தீ மிதித்தாளாம்.

ராவுத்தர் கேட்டு முடித்தார்.

"நோட்டீஸ்ல வேற மாதிரி போட்டிருக்கான். பச்சை அந்த ஊரு மேய்ச்சல் காடு, மஞ்சள் கோதுமையாம். கடைக்காரன் வேற ஒண்ணு சொன்னான். அண்ணன் தம்பி ரெண்டு பேரு கம்பெனி, ஒரு கலர்ல ரெண்டு பேரும் ஒத்துவரலையாம், ஆளுக்குப் பாதியாம். கம்பெனிக்காரனுக்கே ரெண்டு கதை இருக்கு. இது மூணாவது. இங்கன ஓடப்போறது இந்த மூணாவதுதான், பாத்துக்கோங்க. மஞ்சளும் வேப்பிலையும்னா ஒரு பய வெடிப்பெட்டிய வேணாம்பானா?" என்றவர், சம்சாரியின் தோளில் தட்டினார். "சரக்கு பூராவும் எனக்கு. ஒரு கட்டு வெளியே போகக் கூடாது."

சம்சாரிக்குக் கண் கலங்கிவிட்டது. போர்மேன் அந்த ஊசித் துளை அட்டையை எடுத்து இன்னொரு முறை நோட்டீஸையும் பத்திரிகைத் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும்லே. நீ வேற போட்டுக்கோ." அப்படியே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்குத் தொட்டிக்கு வேற ஆள் பாக்கணும்."

அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் நானும் மனைவியும் அவள் பிறந்த ஊரான காரியாபட்டிக்குப் போனோம். பஜாரில் கடைக்குக் கடை கிடா மார்க் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கடைக்காரர், காடு உழுதுவிட்டு வந்ததுபோல் இருந்த ஒரு பெரியவருக்குப் பேட்ஜைத் தொட்டுக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "மேல வேப்பிலை, கீழ மஞ்சள். அந்த நாட்டுல ஒரு தாயி தீ மிதிச்சு வாங்குன வரமய்யா இது."

நான் மெதுவாக நழுவப் பார்த்தேன். என் மனைவி என் கையை விடவில்லை.

"அண்ணாச்சி! இந்தக் கலரு போட்டது எங்க வீட்டுக்காரகதான்!"

பஜார் பூராவும் கேட்டிருக்கும். எண்ணெய்க் கடை, பூக்கடை, வண்டிக்காரர்கள், எல்லோரும் திரும்பினார்கள். வேறு நாளாக இருந்தால் தரைக்குள் போயிருப்பேன். அன்றைக்கு நிமிர்ந்து நின்றேன். பார்க்கட்டும் என்று நின்றேன்.