வரன் தளத்துக்குப் பூட்டு

இணையதளங்களின் ஏபிஐ ஆவணம் வெளியே தெரிகிறதா என்று தேடுவது என் உத்தியோகம். என்ன கேட்டால் தளம் எந்தத் தகவலைக் கொடுக்கும் என்ற குறிப்பு அது. அந்நியர் கண்ணில் படக்கூடாது.

இன்று எங்கள் ஸ்ரீவராகம் தெருக்காரர்களின் வரன் தளத்தைப் பார்த்தேன். அக்காவின் கணவர், அத்திம்பேர், நடத்துவது.

ஆவணம் திறந்து கிடந்தது. அதன்படி கேட்டதும் என் மகளின் ஜாதகமும் போன் நம்பரும் வந்து விழுந்தன. பதற வேண்டும்; ஏனோ பதற்றம் வரவில்லை.

போன் செய்தேன். "அத்திம்பேர், பூட்டுங்கோ. யார் வேணும்னாலும் பாக்கலாம்."

"சாரமில்லடா, போனாப் போறது. ஜாதகம்னா நாலு பேர் பாக்கத்தானே?"

"போன் நம்பர்?"

"அது இல்லாம எப்படிடா பொண்ணு கேப்பா?"

நான் கெஞ்சியபின் பூட்டினார். அதுவரை மகளின் ஜாதகத்தை யாரெல்லாம் பார்த்தார்கள் என்று தளத்தின் பதிவில் தேடினார்.

"நீ ஒருத்தன்தான்டா வந்திருக்கே."

நிம்மதிப்படுவதா, வருத்தப்படுவதா? பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லுங்கள்.