பனியன் துணியில் ஒரு தேசப்படம்

அந்தத் தேசப்படம் என் தகரப்பெட்டியின் அடியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முந்தின வாரம், பெட்டியைத் திறக்கிறேன். பூச்சி அரிக்காமல் வேப்பிலை மாற்ற வேண்டும் என்பது வீட்டில் சொல்லும் காரணம். இரண்டு கஜம் வெள்ளைப் பனியன் துணி. துணி வெளுக்கிறவர்கள் போடும் நீலத்தைக் கரைத்துக் கடலுக்குப் பூசினேன். எல்லைக்கோடுகள், துணி வெட்டும் மேஜையில் அளவு குறிக்கிற பென்சிலால் போட்டவை. பல மாதம் ஆணியில் தொங்கியதில் துணி இழுத்துக்கொண்டு இந்தியா மெலிந்துபோனது. பர்மா ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பர்மாவின் மேல் ஒரே இடத்தில் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிய சின்ன வட்டம் ஒன்று உண்டு. துணியை நான்காக மடித்திருக்கிறேன். உள்மடிப்பில் ஒரு கடிதம் இருக்கிறது. அந்த மடிப்பை மட்டும் நான் பிரிப்பதில்லை.

கோயமுத்தூரில் பி.ஏ. முடித்துவிட்டு, வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த காலம் அது. உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதுகூடப் பொய். எனக்கு உட்காரவே தெரியாது. உலகத்தில் சண்டை வருவதெல்லாம் மனிதர்கள் ஒருவரையொருவர் அறியாததால்தான், அறியவைத்துவிட்டால் துப்பாக்கிகளுக்கு வேலையில்லை என்று எனக்குள் ஒரு தீ. முதலாளியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, சாயங்காலம் சங்கு ஊதிய பிறகு ஒரு மணி நேரம் வகுப்பு நடத்த அனுமதி வாங்கினேன். பாதி நேரம் எழுத்து, பாதி நேரம் உலகம். தேசப்படம் வாங்க வழியில்லாமல் கழிவுத் துணியில் நானே வரைந்து மாட்டியபோது, கட்டிங் மாஸ்டர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "ஏனுங்க வாத்தியாரே, பனியன் துணியிலயா தேசம் வரையறீங்க? ரெண்டே வாரத்துல இலங்கை தரைக்கு வந்துருமுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் தொழில் தெரிந்து சொன்னார், நான் கேட்கவில்லை.

பதினைந்து பேர் வருவார்கள். அதில் ஒருவர் பர்மா அக்கா. தைத்து வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை வெட்டுவது, அதாவது பிசிர் வெட்டுவது, அவர் வேலை. முப்பத்தெட்டு வயதிருக்கும். புருஷன் இறந்தபின் தாயை அழைத்துக்கொண்டு ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். முதல்நாள் நான் பர்மாவைக் காட்டியதும் அவர் எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் அப்பா ரங்கூன் துறைமுகத்தில் செத்துப்போக, பத்து வயதில் தாயோடும் நாலு வயதுத் தம்பியோடும் மலை வழியாக நடந்து வந்தவர்களாம். அன்று அவ்வளவுதான் சொன்னார். மீதியைத் தீபாவளி சொன்னது. தீபாவளிக்கு எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு பனியன், கேட்கிற அளவில் கொடுப்பார்கள். பெண்கள் புருஷனுக்கோ மகனுக்கோ வாங்கிப் போவார்கள். பர்மா அக்கா முப்பத்தெட்டு கேட்டார். "ஊட்டுல ஆம்பளையே இல்ல, ஆருக்கு அக்கா முப்பத்தெட்டு? எங்களுக்கும் காட்டறது!" என்று ஒருத்தி வம்புக்கு இழுத்தாள். "போன வருசம் முப்பத்தாறுல்ல வாங்குச்சு? நல்லாத்தான் சோறு போடறாப்பல இருக்குது!" என்றாள் இன்னொருத்தி. அக்கா பனியனை மடித்துச் சாப்பாட்டுத் தூக்குப்போசிக்கு அடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அது தம்பிக்கு என்று அன்று வகுப்பு முடிந்தபின் நான் கேட்டபோது சொன்னார். நடந்து வரும் வழியில் தாய்க்கு வாந்திபேதி வந்து யாரோ மாட்டுவண்டியில் ஏற்றி முன்னால் கொண்டுபோய்விட்டார்கள். தம்பிக்கும் காய்ச்சல். வழியில் குடிசையிலிருந்த ஒரு பர்மாக்காரப் பெண், 'நான் வைத்துக் காப்பாற்றுகிறேன்' என்று அவனை வாங்கிக்கொண்டாளாம். பிறகு திரும்பிப் போக முடியவில்லை. அன்றிலிருந்து தாய் மகனுக்கு வயதை எண்ணி, ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி எடுத்துவைக்கிறார். இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குண்டு விழுந்துகொண்டிருக்கிற காலத்தில் வேற்று தேசத்துப் பிள்ளையை மடியில் வாங்கிய ஒரு பெண்! நான் ஆறு மாதமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்த பாடம் இதோ உயிரோடு இருக்கிறது! மறுநாளே அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். எல்லோரும் ஆத்தா என்று கூப்பிடும் அந்தத் தாய், ஒரு மரப்பெட்டியைத் திறந்து, அடுக்கிவைத்த பனியன்களை எனக்குக் காட்டினார். "முப்பதத் தாண்டிட்டான் தம்பி. கொஞ்சம் சதை போட்டிருப்பான்ல? அதான் முப்பத்தெட்டா எடுக்கச் சொன்னேன்." ரங்கூனில் நம் தூதரகம் இருக்கிறது, கடிதம் எழுதிக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பது அந்த வயதில் எனக்கு மூச்சுவிடுவது மாதிரி. வாசலில் நின்ற பர்மா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் வாயடைத்துப்போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வெட்டிய நூல்களைக் கொட்டிவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் அக்கா என்னைக் கூப்பிட்டார். போசியைத் திறக்கவில்லை. "சார், அந்தக் கடுதாசி வேணாம்" என்றார். ஏன் என்றேன். வெகுநேரம் கைக்கத்தரியின் வளையத்துக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தார். "குடிசையும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். ரெண்டு நாளு அவன இடுப்புல வச்சு நடந்தேன். மலையேறுற எடத்துல தண்ணி தண்ணின்னான். ஒரு மரத்தடியில உக்கார வச்சு, எடுத்தாறேன் இருடான்னு போனேன். ஓடைக்கிட்ட போனா, கூட்டம் கெளம்பிருச்சு. எல்லாம் ஓடுதுக. நானும்..." கத்தரி கீழே விழுந்தது. "நானும் அந்தக் கூட்டத்தோட நடந்துட்டேன் சார். கேம்ப்புல ஆத்தா எந்திரிச்சு உக்காந்து, தம்பி எங்கடின்னுச்சு. மொத நாளு ஒரு பர்மாக்காரம்மா எங்க ரெண்டு பேருக்கும் எலையில சோறு வச்சுக் குடுத்துச்சு. அந்த மொகம்தான் வாயில வந்துச்சு." நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஏதோ உண்மை, மனபாரம் என்றெல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரி உளறியிருப்பேன். அவர் கத்தரியை எடுத்துத் துடைத்தபடி, "அப்ப நீங்களே சொல்லிருங்க. எனக்கு இருவத்தெட்டு வருசமா நாக்கு எழல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் அன்று சாயங்காலம் ஆத்தாவை வரச்சொல்லி, சீக்கிரமே வகுப்பைத் திறந்து காத்திருந்தேன். ஆத்தா வந்தார், கையில் புதுச் சிலேட்டு. "கடுதாசி வந்தா இன்னொருத்தர்ட்ட குடுத்துப் படிக்கச் சொல்ல முடியுமா தம்பி? நானே படிக்கணும்." அறுபதை நெருங்கிய அந்த விரல்கள் 'அ' என்ற எழுத்தின் சுழியில் திரும்பத் தெரியாமல் தடுமாறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை நாற்பது நாளானது. பிறகு ஆறு மாதம் ஆனது. என் வகுப்பில் அவரைப்போலப் படித்தவர் யாரும் இல்லை. தினமும் பாடம் தொடங்குமுன் தேசப்படத்தின் முன்னால் நின்று, பர்மாவில் ஒரே இடத்தில் விரலை வைத்துவிட்டுத்தான் உட்காருவார். துணி தொங்கத் தொங்க அந்த இடமும் கீழே இறங்கியது. கடைசியில் அவர் குனிந்து தொட வேண்டியிருந்தது.

ஆறாம் மாதம் ஒருநாள், தான் ஒரு கடுதாசி எழுதியிருப்பதாகச் சொல்லி எழுந்து நின்று படித்தார். மகனுக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கு. 'அம்மா, நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன். நீங்க யாரு பெத்ததுன்னு பாக்காம அவன வாங்கிக்கிட்டீங்க. உங்க ஊருக்காரங்க எங்கள வெரட்டுனாங்கன்னு எனக்குக் கோவம் இருந்துச்சு. உங்கள நெனச்சுத்தான் அது போச்சு. அவன் அடிக்கடி தண்ணி கேப்பான். குடுத்திருப்பீங்க. அவனத் திருப்பி அனுப்ப வேணாம். உங்களுக்கு வேற ஆரு இருக்காங்களோ. ஒரு பனியன் அனுப்பியிருக்கேன். பத்தலைன்னா எழுதுங்க.' அவ்வளவுதான். கட்டிங் மாஸ்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தீபாவளிப் பனியனுக்கு வம்பிழுத்த பெண் ஆத்தாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் பர்மா அக்கா, வெட்டுவதற்குப் பனியன் ஏதும் கையில் இல்லாமலே கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ தேசத் தலைவர்களின் சமாதானப் பேச்சைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். எதிலும் இப்படி ஒரு வரியைக் கண்டதில்லை. அதை நான் கற்பிக்கவில்லை. பத்து வயதுப் பெண் பயத்தில் சொன்ன ஒரு பொய் கற்பித்தது.

கடிதத்தையும் பனியனையும் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். எந்த விலாசத்துக்கு? தபாலாபீஸ் வரைக்கும் சைக்கிளில் போனேன். வாசலில் நின்றேன். திரும்பினேன். ஆத்தாவிடம், "அனுப்பீட்டனுங்க" என்றேன். உண்மையை உலகத்துக்கே கற்பிக்கக் கிளம்பிய நான் அந்த வாசலிலிருந்து திரும்பி வந்த மாதிரிதான் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது நான் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கடையில் வாங்கிய, இழுத்துக்கொள்ளாத தேசப்படம் சுவரில் மாட்டியிருக்கிறது. பர்மாவைக் காட்டும்போது குச்சி அந்த மலைப்பக்கம் போவதில்லை; ரங்கூனைத் தொட்டுவிட்டு அவசரமாகச் சயாமுக்குப் போய்விடுகிறேன். மரத்தடியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எப்போதும் நாலு வயதுதான். பையன்களில் யாராவது, "சார், தண்ணி குடிச்சுட்டு வரட்டுங்களா?" என்று கேட்டால், பாடத்தை நிறுத்திவிட்டு அவன் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தீபாவளிக்கு முன்னால் திருப்பூர் போவது மட்டும் நிற்கவில்லை. கம்பெனி வாசலில் பர்மா அக்கா பனியன் பொட்டலத்தை நீட்டுவார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். நானும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆத்தாவோ வீட்டில் உட்காரவைத்து, அந்த வருஷத்துக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டுவார். கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் தெளிந்துகொண்டே வருகிறது. பதில் வராததைப் பற்றிக் குறைப்பட்டதே இல்லை. "அவளும் என்னமாதிரிக் கெழவியாகியிருப்பா. வாசிச்சுச் சொல்ல ஆளு வேணுமில்ல" என்பார். இந்த முறை மட்டும், நான் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டாம்பு பத்தாம நின்னுபோயிருக்குமோ தம்பி?" என்று கேட்டார். இல்லீங்க, சரியாகத்தான் ஒட்டுகிறேன் என்றேன். "அப்ப சரி. இந்த வருசம் நாப்பது எடுத்திருக்கேன். வயசாகுதுல்ல அவனுக்கும்."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். தேசப்படத்தின் மேல் முப்பத்தெட்டுகள் நான்கு, அவற்றின் மேல் நாற்பது ஒன்று. முதல் பனியனைத் தவிர ஒவ்வொன்றின் மடிப்பிலும் ஒரு கடிதம். எல்லாவற்றுக்கும் அடியில், பிரிக்காத அந்த மடிப்புக்குள், முதல் கடிதம். பழைய வேப்பிலையை உதறிவிட்டுப் புதியதைப் போட்டேன். மூடியை அழுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துதான் இந்த வருஷம் பூட்ட முடிந்தது.