முத்தாயி சிரித்த நாள்

மலாயாவில், ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் புல்வெட்டிய வேலாயிக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. குடித்துவிட்டு வந்த புருசனை கூலிகளின் வரிசைவீடான லயத்து வாசலிலேயே நாலு சாத்து சாத்தியவள். கங்காணியைப் பார்த்து "போய்யா" என்றவள். நல்ல பேர் எடுக்க அவளுக்கு நேரமே இருந்ததில்லை.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த 1931இல், பக்கத்து வீட்டுக்கு முத்தாயி மருமகளாக வந்தாள். பதினைந்து வயசு. கப்பலுக்குப் போகிற அவசரத்தில் பெற்றவர்கள் அவளை வடிவேலுவின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அடடா, என்ன மாப்பிள்ளை! காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது கங்காணி அவனை ஓர் அறை அறைந்தால், சாயங்காலம் அது பத்து அறையாக முத்தாயி மேல் இறங்கும். வயிற்றிலிருந்த பிள்ளையும் ஓர் உதையில் போயிற்று. அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரோடும் பேசவில்லை. தன் கையைத் தானே கீறிக்கொண்டாள்.

"காட்டு முனி புடிச்சிருக்கு" என்றாள் மாமியார் காளியம்மா.

முனியாம் முனி! அந்த முனி மீசை வைத்துக்கொண்டு, அதே வீட்டில் மூன்று வேளையும் சோறு தின்றுகொண்டிருந்தது. அது மட்டும் ஒருத்தர் கண்ணுக்கும் படவில்லை.

பூசாரி வந்தார். முத்தாயியின் மயிரைப் பிடித்து உலுக்கி, முதுகுத் தோல் கிழியச் சாட்டையால் விளாசினார். வலி பொறுக்காமல் அவள் அலறி மயங்கி விழுந்தாள். முனி இறங்கிவிட்டது என்று லயமே கையெடுத்துக் கும்பிட்டது.

மறுநாள் முத்தாயி தலைக்குக் குளித்து, சிரித்த முகமாக வெளியே வந்தாள். மாமியார் காலில் விழுந்தாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்தாள். அம்மா விட்டுப்போன பித்தளைச் செம்பை வேலாயியிடம் நீட்டி, "நீங்க வச்சுக்குங்க பெரியம்மா" என்றாள். மருமகள் தேறிவிட்டாள் என்று காளியம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

வேலாயி மட்டும் பொங்கலைத் தொடவில்லை. அவள் மகன் சுப்பனும் மாசக்கணக்கில் யாரோடும் பேசாமல் சுருண்டு கிடந்துவிட்டு, ஒருநாள் இப்படித்தான் திடீரென்று சிரித்தான். மறுநாள் அவனைப் பாடையில் தூக்கினார்கள்.

முத்தாயியின் கையை இறுகப் பிடித்தாள். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடி. சாகப் போறியா?"

முத்தாயியின் முகத்தில் சிரிப்பு செத்தது. "ஆமா பெரியம்மா" என்றவள் அவள் தோளில் விழுந்து கதறினாள்.

வேலாயி அவளைத் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைத் தாழ்போட்டாள். கொஞ்ச நேரத்தில் வடிவேலு காடு வெட்டும் பாராங்கத்தியால் கதவைப் பிளந்துகொண்டு வந்தான்.

"எம் பொண்டாட்டிய வெளிய விடு, கெழவி!"

"வாடா! புள்ளத்தாச்சிய ஒதச்ச காலுதானே அது? கொண்டா இங்க!"

கத்தி வேலாயியின் இடக்கையில் பாய்ந்து எலும்பு தெரிந்தது. அவள் விடவில்லை. உலக்கையால் அவன் முழங்காலில் ஒரே போடு. வாசலில் உருண்டவனைப் பார்த்து, ரத்தம் சொட்டச் சொட்ட லயத்துக்கே கேட்கும்படி கத்தினாள்: "முனிய ஓட்டணும்னீங்களே, இந்தா கெடக்குது! ஓட்டுங்கடா!"

காளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

முத்தாயி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். வேலாயி அவளைத் தனியாக விடுவதில்லை. புல்வெட்டப் போனாலும் கூடவே கூட்டிப்போவாள், ஒரே பாயில் படுப்பாள். "இன்னிக்கு மனசு எப்படிடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சில நாள், "சாகணும்போல இருக்கு" என்றே பதில் வரும். அன்றைக்கு வேலையாவது கூலியாவது, அவளைவிட்டு நகரமாட்டாள்.

ஒருநாள் வேலாயியின் கைக்கட்டை அவிழ்த்து மருந்து போட்டுக்கொண்டே முத்தாயி கேட்டாள்: "சுப்பண்ணன்கிட்டயும் இப்படிக் கேட்டீங்களா பெரியம்மா?"

வேலாயி கையை இழுத்துக்கொண்டாள்.

"இல்லடி. புதுச் சட்டைய எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டு வந்து சிரிச்சான். கொழுப்பாடான்னு வெளக்குமாத்தால அடிச்சேன்."