பேய்ப்படம் முடிந்ததும் ஒரு கல்யாணம்

இன்று திருத்தணி பஜார் வீடியோ கடையில் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அரதப்பழசான பேய்ப்படம். வாடகை மட்டும் புதுப்படத்துக்கு வாங்குவதேதான்.

“அநியாயம்ங்க இது. பேயே சரியாத் தெரியல. படம் முடிஞ்சதும் யார் கல்யாணமோ ஓடிக்கினு இருக்குது,” என்றேன்.

“ஆங், மலைக்கோயில்ல நான் எடுத்த கல்யாணம்தாங்க அது,” என்றார் கடைக்காரர். “ஆடிக்குப் பொண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிச்சாங்க. அப்புறம் கூப்புடவே இல்ல. இனிமே அந்த கேசட்டை யார் வந்து வாங்குவாங்க? அதான் அதுமேலயே பேய்ப்படத்தைப் பதிஞ்சிட்டேன்.”

படம் அழிக்காமல் விட்ட கடைசித் துண்டில், நான் வீட்டில் பார்த்தபோது, அந்தப் பெண் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்ட வாடகையை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் ஊரில் பேய்ப்படத்துக்கு என்ன வாடகை? இங்கே பயம் மட்டும் இலவசம், அதுவும் படம் முடிந்த பிறகுதான்.