ஒரு வருஷம் தோய்க்கக் கூடாத ஜீன்ஸ்

அந்த ஜீன்ஸ் கொடுத்த விலைக்குப் பெறுமதிதானா என்று யாராவது கேட்டால், பெறுமதிதான் என்று சொல்வேன். துணியில் ஒரு குறையும் இல்லை. செம்பாட்டு மண்ணிலும் வெயிலிலும் கிடந்து மாதக்கணக்காக உழைத்தது. முழங்கால் கிழியவில்லை, ஒரு தையல் விடவில்லை. என்னை ஏமாற்றியது துணி அல்ல, அதை அனுப்பியவன்.

அனுப்பியவன் என் மச்சான். அம்மாவின் அண்ணனுடைய மகன், கனடாவில் இருக்கிறான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே உயரம், இடுப்பும் ஒன்றுதான். அதனால் அவன் போட்டுக் கழித்ததெல்லாம் எனக்குச் சரியாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி வரும். அம்மாவுக்குச் சவர்க்காரமும் பால்மாவும், எனக்குக் கொலர் வெளிறிய சேட்டுகளும் அக்குள் மஞ்சளித்த ரீசேட்டுகளும். குறை சொல்லவில்லை. வெளிநாட்டுப் பெட்டி வருகிற வீடுகளில் இதுதான் வழக்கம், நானும் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். ஆனால் ஒரு தடவையாவது எனக்கென்று நினைத்துக் கடைக்குப் போய் ஒரு புது உடுப்பு எடுத்து அனுப்ப மாட்டானா என்கிற எண்ணம் மனதுக்குள் கிடந்தது. முப்பது வயது தாண்டியவன் வெளியே சொல்ல வெட்கப்படுகிற எண்ணம்.

பிறகு ஒருநாள் வந்த பெட்டியில் அந்த ஜீன்ஸ் இருந்தது. அட்டை அப்படியே தொங்கியது. கறுப்போ நீலமோ என்று சொல்ல முடியாத நிறம். கையில் எடுத்தால் மடியாது, தகரம் மாதிரி நின்றது. அன்றே போன் எடுத்து விளக்கம் சொன்னான்.

"மச்சான், உது சும்மா ஜீன்ஸ் இல்லை. நூலுக்குச் சாயம் போட்டு நெய்ததோடை சரி, பிறகு தண்ணியிலை காட்டாமலே தைச்சது. போடப் போடத்தான் வெளிறும். உன்ரை உடம்பு எங்கை மடியுதோ அங்கை கோடு விழும். உலகத்திலை உன்னட்டை இருக்கிற மாதிரி இன்னொண்டு இருக்காது. ஆனா ஒரு வருஷத்துக்குத் தோய்க்கக் கூடாது. தோட்டத்துக்கும் உதைத்தான் போடவேணும்."

"எனக்கோ?" என்று கேட்டேன்.

"பின்னை ஆருக்கு? உனக்குத்தான்."

விலையையும் சொன்னான். அந்தக் காசுக்கு எங்கள் கிணற்றுக்கு ஒரு நல்ல மோட்டரே வாங்கியிருக்கலாம். பக்கத்தில் இருந்து கேட்ட மாமா, "ஒரு களிசானுக்கோ?" என்று வாயைப் பிளந்தார். மாமா என்றால் மச்சானின் தகப்பன்தான். மாமி செத்த பிறகு அவர் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். காலையில் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பதும் மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் என் பொறுப்பு. அதை நான் ஒருநாளும் பொறுப்பாக நினைத்ததில்லை.

எங்கள் தோட்டம் தெல்லிப்பழைப் பக்கம், வெங்காயமும் பீற்றூட்டும். அங்கே வேலைக்கு இறங்குகிறவன் சாரத்தை மடித்துக் கட்டுவான், இல்லாவிட்டால் அரைக்காற்சட்டை போடுவான். பாத்திக்குப் பாத்தி வாய்க்கால் தண்ணீர் மாற நான் ஜீன்ஸோடு போய் இறங்கிய முதல் நாள் பக்கத்துத் தோட்டக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "என்ன தம்பி, பொம்பிளை பார்க்கப் போற வழியிலையோ தண்ணி மாறுறாய்?" என்று கேட்டார். வெயிலில் தொடை வெந்தது. குந்தினால் முழங்காலுக்குப் பின்னால் தோல் உரசிப் புண்ணானது. பின்னேரம் கழற்றிப் பார்த்தால் கால் இரண்டும் நீலம். அம்மா அதைக் கண்டு பாம்பு தீண்டிவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். மோட்டார் சைக்கிள் சீற்றும் நீலம், கதிரையும் நீலம். மணக்கிறது என்று அம்மா ஓயாமல் நச்சரிப்பார். "கழட்டித் தாவன், ஒரு அலசு அலசித் தாறன்" என்று கேட்காத நாளில்லை. நான் கொடுக்கவில்லை. வேலியில் வெயில் பட விரித்துவிட்டு மறுநாளும் அதையே போட்டேன். மச்சான் தந்த புது உடுப்பு, அவன் சொன்னபடிதான் போடுவேன் என்று எனக்கொரு பிடிவாதம்.

அதுவரை மச்சான் நல்லநாள் பெருநாளுக்குத்தான் போன் எடுப்பான். ஜீன்ஸ் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்தான். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிறு விடியவே சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிடுவார். மச்சான் என்னை எழுப்பி நிறுத்துவான். திரும்பு என்பான். முழங்காலைக் கிட்டக் காட்டு, பொக்கற்றைக் காட்டு, வெளிச்சத்துக்கு வா என்பான். மாதம் முடிய இடுப்பிலிருந்து பாதம் வரை படம் எடுத்து அனுப்பச் சொல்வான். எல்லாம் முடிந்த பிறகு, "அப்பா, சுகமோ? மருந்தைப் போடுங்கோ" என்பான். மாமா பதில் சொல்லி முடிக்க முதல் சில வேளை லைன் போய்விடும்.

மாமா அதைக் குறையாக எடுக்கவில்லை. "அவனுக்கு உன்னிலை சரியான பட்சம் மருமோன். சொந்தத் தம்பி இருந்திருந்தாலும் இப்பிடிப் பார்த்திருக்க மாட்டான்" என்றார். நானும் நம்பினேன். நம்ப எனக்கு விருப்பமாக இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், ஜீன்ஸ் அழகாக மாறிக்கொண்டு வந்தது. வெங்காயம் நடக் குந்திக் குந்தித் தொடையில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. போன் வைக்கிற பொக்கற்றில் போனின் சதுரம் தெரிந்தது. மண்வெட்டிப் பிடி உரசிய இடம் ஒரு பக்கம் மட்டும் வெளிறியது. எந்த அடையாளம் எந்த வேலையில் வந்தது என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு உடுப்பு இனி ஒருத்தன் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற ஒரு காலையில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. மாமா கிணற்றடியில் விழுந்துவிட்டார். நான் சேற்றுக் காலோடு ஓடிப்போய் அவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பாதி வழியில் என் மடியிலேயே வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "உன்ரை களிசானைப் பழுதாக்கிப் போட்டன் மருமோன். அவன் ஏசப் போறான்" என்றார். "ஒண்டுமில்லை மாமா, நீங்கள் பேசாமல் படுங்கோ" என்றேன். அவர் பிறகு ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உயிர் இல்லை.

எங்கள் பக்கம் செத்த வீட்டுக்குச் சும்மா போய்வந்தவனே தலைக்குக் குளித்து, போட்டிருந்த உடுப்பை நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். நான் உயிர் போகிற உடம்பை மடியில் வைத்திருந்தவன். கிணற்றடியில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு, ஜீன்ஸை அங்கேயே போட்டுவிட்டு அலுவல் பார்க்க ஓடினேன். மறுநாள் அம்மா அதை எடுத்துச் சவர்க்காரத் தூளில் ஊறவைத்து, தோய்க்கிற கல்லில் அடித்து, தும்புப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். அழுதழுதுதான் தேய்த்தார், செத்தது அவருடைய ஒரே அண்ணன். வாழையடிக்கு நீலமாகத் தண்ணீர் ஓடியது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு வருஷம், தோய்க்கக் கூடாது என்பதெல்லாம் அந்த நேரம் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

மச்சான் வரும்வரை உடம்பை வைத்திருந்தோம். வந்தான். சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். பொய் சொல்லக் கூடாது, உண்மையாகத்தான் அழுதான். கொள்ளி வைத்தான். சுடலையால் வந்து குளிக்க நானே அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குத் தண்ணீர் அள்ளி வார்க்கும்போது, மாமா எப்படிப் போனார், கடைசியாக ஏதும் சொன்னாரா என்று கேட்பான், சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொற்களைச் சேர்த்துக்கொண்டு நின்றேன். அவன் தலையைத் துடைத்துக்கொண்டு கொடியில் தொங்கிய ஜீன்ஸைப் பார்த்தான்.

"உதை ஆர் தோய்ச்சது?"

"அம்மா. மாமா அதிலைதான் வாந்தி எடுத்தவர். அவரைத் தூக்கினது உதோடைதான்" என்றேன்.

"ஐயோ மச்சான், முடியிற நேரத்திலை..." என்று கொடியடிக்குப் போய்த் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முழங்கால் கோடுகளில் பாதி போய்விட்டது என்றான். பிறகு, எனக்கு விளங்கட்டும் என்று போனை எடுத்துக் காட்டினான்.

அது ஒரு போட்டி. இப்படித் தோய்க்காத ஜீன்ஸ் வாங்குகிற பைத்தியக்காரர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போடத் தொடங்கி, மாதாமாதம் படம் போட்டு, வருஷக் கடைசியில் யாருடையது நன்றாக வெளிறியது என்று பார்ப்பார்களாம். மச்சான் தன் பெயரில் சேர்ந்திருந்தான். படத்திலெல்லாம் என் கால்கள். கீழே ஆங்கிலத்தில், இந்த மாதம் என் தோட்டத்தில் நிறைய வேலை என்று அவன் எழுதியிருந்தான். அவன் இருப்பது பன்னிரண்டாம் மாடியில்.

"ஒஃபிஸ் கதிரையிலை இருந்து உப்பிடி வராதடா. உன்ரை வெயிலும் வேர்வையும் அவங்களுக்கு எங்கை கிடைக்கும்? முதலாவதா வந்திருப்பம்" என்றான். ஏதோ நானும் சேர்ந்து தோற்றுவிட்ட மாதிரி என் தோளில் தட்டினான்.

ஒரு படத்தில் என் இடுப்புக்குப் பக்கத்தில், ஓரத்தில் நாலு விரல்கள் தெரிந்தன. அந்தப் படத்துக்குத் தானும் நிற்க வேண்டும் என்று மாமா அடம்பிடித்து, என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். நான் இருவரையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். அவன் தகப்பனை வெட்டிவிட்டுக் காலைப் போட்டிருந்தான்.

"உது மாமாவின்ரை கை" என்றேன்.

பெரிதாக்கிப் பார்த்தான். "ஓமெல்லே" என்றான். அடுத்த படத்துக்குப் போனான்.

"உனக்குத்தான் எண்டு சொன்னனி" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"உனக்குத்தானேடா. போட்டிக்குக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டு அடுத்த பெட்டியிலை போட்டுவிட்டிருப்பன்."

அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றுகிறோம் என்று தெரிந்து ஏமாற்றியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். இவனுக்கு நான் ஒரு இடுப்பும் இரண்டு காலும், அதோடு ஒரு நல்ல வெயில். மாமாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லதாக உடுத்திக்கொண்டு காத்திருந்ததை நினைக்க எனக்கு நெஞ்சு எரிந்தது.

அன்று சாப்பிட இருக்கும்போது அம்மாவிடமும் சொன்னான். "மாமி, உதை நீங்கள் தோய்க்காமல் விட்டிருக்கலாம்." அண்ணனை எரித்துவிட்டு இருந்த அம்மா, "எனக்குத் தெரியாமல் போச்சுத் தம்பி, குறை நினையாதை" என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டார். நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். பசியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு அவன் வெளிக்கிட்டான். அத்தனை நாளும் பகலிலும் இரவிலும் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவன், ஓட்டோவில் என்ன நடந்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை. எயார்போட்டுக்குப் போக வாடகைக்குப் பிடித்த வானில் ஏறி, கண்ணாடியை இறக்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"மச்சான், வாற வருஷமும் போட்டி இருக்கு. புதுசா ஒண்டு அனுப்பட்டோ? மாமிக்கு மட்டும் முதலே சொல்லி வை."

இனி அவனாகக் கேட்கட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவன் தகப்பன் கடைசியாகச் சொன்னதை அந்த வானடியில் நின்றே சொன்னேன். களிசான் பழுதாகிப் போனதற்கு மகன் ஏசப் போகிறான் என்ற பயத்தோடு அந்த மனுசன் கண்ணை மூடினார் என்று சொன்னேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். முகம் சுருங்கிப் போனது.

"நான் அவரை எப்பவடா ஏசினனான்?" என்று கேட்டான்.

வான் போய்விட்டது. அவன் சொன்னது உண்மைதான். அவன் தகப்பனை ஒருநாளும் ஏசியதில்லை. ஏசுகிற அளவுக்கு அவரோடு கதைத்ததே இல்லை.