பந்தலுக்கு வந்த கோடாலி ராஜா

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். குத்தாலத்தில் மூன்று அரிசி ஆலை கட்டியவனும் நான்தான். நார்வேக்கு வேலைக்குப் போன என் மகன் அங்கேயே பெண் பார்த்துக்கொண்டான். நெட்டையான சம்பந்தி, சட்டைப்பையில் ஒரு புனிதர் படத்தை வைத்துக்கொண்டு அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். புனிதர் கையில் கோடாலி. எங்கள் ஊரில் நடந்த கல்யாணத்தில், படத்தைப் பந்தலில் வைக்காவிட்டால் பெண்ணை அழைத்துப் போய்விடுவேன் என்றார்.

"கல்யாணத்துல கோடாலியா அத்தான்?" என்று குதித்தான் மைத்துனன்.

"நம்ம ஐயனார் கையில என்ன கரண்டியாடா இருக்கு?" என்று அவனை அடக்கிப் படத்தை வைத்தேன்.

பிறகு சம்பந்தியிடம் விவரம் கேட்டேன். அவர் சொன்னதை மகன் தமிழில் சொன்னான்: "அவங்க ராஜாப்பா. ஞானஸ்நானம் வாங்குன்னு எல்லாரையும் மிரட்டுனாராம். ஊரே சேந்து கோடாலியால வெட்டிடுச்சு. அப்புறம் அவங்களே கும்பிட்டாங்களாம்."

"எனக்கும் இந்த ஊர்ல சிலை வைப்பாங்களான்னு கேளு."

சம்பந்தி என்னையும், பந்தலில் நான் அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த என் ஆலை ஆட்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "சீக்கிரமே" என்றாராம்.

பந்தலே சிரித்தது. வாழ்த்தினாரா, எச்சரித்தாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.